‘பிளக்-இன் எழுதிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதற்கு முன்

தமிழுக்காகக் கட்டற்ற மென்பொருள் எழுதிவரும், பேணிவரும் நண்பர்களுக்கு,



உங்களில் பெரும்பாலோர் இந்த வேலையைச் சம்பளமில்லாமல், அலுவலகம் முடிந்து வீட்டு வேலையும் முடிந்த பிறகு செய்கிறீர்கள். ஒருவர் கையில் விசைப்பலகைச் செயலி இருக்கிறது, இன்னொருவரிடம் பிழைதிருத்தி, மற்றொருவரிடம் மின்னூல் ஆக்கும் கருவி. எல்லோருக்கும் ஓயாமல் வரும் கோரிக்கை ஒன்றுதான்: “இந்த வசதியையும் சேர்த்துவிட்டால் நன்றாக இருக்குமே.” நீங்கள் தரும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: “கோர் சின்னதாக இருக்கட்டும். வேண்டுமென்றால் பிளக்-இன் எழுதிக்கொள்ளுங்கள்.”

பெரும்பாலும் அந்தப் பதில் சரியானது. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் சில இடங்களில் அது பதிலே அல்ல, வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பும் தந்திரம். எது எந்த இடம் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய கடமை மற்ற மொழிக்காரர்களைவிடத் தமிழில் வேலை செய்யும் நமக்கு அதிகம் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் நம் கட்சியின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜாவா உலகில் லாக்4ஜே என்றொரு நூலகம் உண்டு. மென்பொருள் ஓடும்போது என்ன நடக்கிறது என்பதைப் பதிவேட்டில் எழுதிவைப்பது மட்டுமே அதன் வேலை. 2013-இல் ஒருவர் அதற்கு ஒரு சிறு நிரல்துண்டை அனுப்பினார். பதிவு எழுதும்போது தேவைப்படும் மதிப்பை ஜேஎன்டிஐ என்ற அடைவுச் சேவை வழியாக வேறோர் இடத்திலிருந்து எடுத்துவர அது உதவும். அனுப்பியவருக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டிருக்கிறது. பேணியவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அது எழுதப்பட்ட விதமே பிளக்-இன் என்ற வடிவில்தான். ஆனால் மையநிரலின் அதே ஜார் கோப்புக்குள் வைத்து, யாரும் கேட்காமலே வேலை செய்யும் நிலையில் வெளியிட்டார்கள்.

எட்டு ஆண்டுகள் அது வெளியில் பெரிய சர்ச்சையாகவில்லை. 2021 டிசம்பரில் உலகம் முழுக்க சர்வர் பார்ப்பவர்கள் தூக்கமிழந்தார்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு சிறு வரியைத் தட்டினால் போதும். அதைப் பதிவேட்டில் எழுதப்போகும் சர்வர், அந்த வரி காட்டும் முகவரிக்குப் போய் அங்கிருக்கும் நிரலை இறக்கித் தானே ஓட்டிவிடும். ஆபத்தின் அளவுக்கு 10-க்கு 10 கொடுத்தார்கள். அந்த நாட்களில் பலர் செய்த முதலுதவியைக் கவனியுங்கள்: ஜார் கோப்பைத் திறந்து, ஜேஎன்டிஐ லுக்கப் என்ற ஒரே ஒரு கிளாஸ் கோப்பை அழித்துவிட்டு, சர்வரை மறுபடி கிளப்பினார்கள். பதிவேடு வழக்கம்போல எழுதப்பட்டது. அந்தக் கோப்பு அங்கே இல்லை என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் அன்றாட வேலைக்குத் தெரியவில்லை.

இந்த வசதி தங்களுக்கே பிடிக்காது, பழைய பயனர்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்றுதான் விட்டுவைத்திருந்தோம் என்று பேணுநர்களில் ஒருவர் அப்போது வெளிப்படையாகவே எழுதினார். சம்பளமில்லாமல் இரவு பகலாகத் திருத்தம் வெளியிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். உள்ளே விடுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். வெளியே அனுப்ப எந்த நாளும் தோதாக அமையாது. ஒன்றை எந்த அடைவில் வைத்திருக்கிறோம் என்பதைவிட, கேட்காதவருக்கும் அது ஓடுகிறதா என்பதே முக்கியம் என்பதும் இதில் தெரிகிறது. பிளக்-இன் என்று பெயர் வைத்துவிட்டு இயல்பிலேயே முடுக்கிவிட்டால் அது மையநிரல்தான்.

எக்ஸ்இசட் விவகாரமும் இந்த வகைதான். சில லினக்ஸ் வழங்கல்கள், எஸ்எஸ்எச் சர்வர் கிளம்பிவிட்டதைச் சிஸ்டம்டிக்குத் தெரிவிக்கும் சின்ன வசதிக்காக ஒரு நூலகத்தை இணைத்தன. அந்த நூலகம் தன்னோடு எக்ஸ்இசட் தொகுப்பின் கோப்புச் சுருக்க நூலகத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருப்பது 2024 மார்ச்சில் தெரியவந்தது. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலர் விடாமல் துருவிப் பார்த்திராவிட்டால் கதை வேறாகியிருக்கும். எஸ்எஸ்எச் எழுதியவர்கள் அந்தச் சுருக்க நூலகத்தைக் கேட்கவே இல்லை.

ஆகவே மையத்தைச் சின்னதாக வைத்திருங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் சின்னதாக வைத்திருப்பதோடு வேலை முடிந்துவிடாது. இதற்கு ஃபயர்பாக்ஸைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 2002 வாக்கில் மொசில்லா தொகுப்பு என்பது உலாவி, மின்னஞ்சல், வலைப்பக்கம் எழுதும் கருவி, அரட்டை எல்லாம் ஒன்றாகக் கட்டிய மூட்டை. டேவ் ஹயாட், பிளேக் ராஸ் முதலிய சிலர், உலாவி மட்டும் போதும் என்று பிரித்தெடுத்து ஃபீனிக்ஸ் என்ற பெயரில் அந்த ஆண்டு செப்டம்பரில் 0.1 பதிப்பை வெளியிட்டார்கள். மற்றதெல்லாம் வேண்டியவர்கள் நீட்சியாகச் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. 2004 நவம்பரில் அதுவே ஃபயர்பாக்ஸ் 1.0 ஆனது. விளம்பரம் தடுக்க ஒன்று, பெரிய கோப்பு இறக்க ஒன்று, வலைப்பக்கத்தைப் பிரித்துப் பார்க்க ஃபயர்பக் என்று நீட்சிகள் குவிந்தன. அவற்றுக்காகவே பலர் ஃபயர்பாக்ஸுக்கு வந்தார்கள்.

கோளாறு எங்கே என்றால், நீட்சிகளுக்கென்று வாசல் வைத்துக் கொடுக்கவில்லை, சுவர்களையே எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு நீட்சி உலாவியின் எந்த உள்ளறைக்கும் போகலாம், எந்தச் செயல்கூற்றையும் மாற்றலாம். எழுதுபவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் உள்ளே எதைத் தொட்டாலும் யாரோ ஒருவரின் நீட்சி உடையும் என்ற நிலை வந்துவிட்டது. கூகுள் குரோம் 2008-இல் பிறக்கும்போதே தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டியது. ஃபயர்பாக்ஸ் அதே வேலையை 2009-இல் தொடங்கியது. பொதுப் பயனர்களைச் சென்றடைய 2016 ஆகஸ்ட் ஆகிவிட்டது. அப்போதும் நீட்சி எதுவும் நிறுவாதவர்களுக்கே முதலில் கொடுத்தார்கள். கடைசியில் 2017 நவம்பர் 14 அன்று 57-ஆம் பதிப்பு வந்தபோது பழைய முறை நீட்சிகள் அத்தனையும் ஒரே நாளில் செயலிழந்தன. புதிய முறையில் திரும்ப எழுதச் சிலருக்கு நேரமில்லை, சிலருக்கு வழியே இல்லை. பல ஆண்டுகள் உழைத்தவர்கள் கோபத்தோடு விலகிப்போனார்கள்.

நிரல் அளவில் மையம் சிறியதாக இருந்திருக்கலாம். ஆனால் வெளியில் உள்ளவர்கள் நம்பியிருந்த ஒவ்வொரு உள் விவரமும் சொல்லாமலே வாக்குறுதி ஆகிவிட்டதால், நடைமுறையில் அந்த மையம் மிகப்பெரியது. “பிளக்-இன் எழுதிக்கொள்” என்று சொல்பவர், அந்தப் பிளக்-இன் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, தொடலாம் என்று சொன்னது எத்தனை காலம் மாறாமல் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது எழுதப்படாத இடத்தில் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை.

இதே ஃபயர்பாக்ஸ் 2015-இல் பாக்கெட் என்ற சேவையை உலாவிக்குள்ளேயே பதித்துக் கொடுத்தது. நீட்சியாகவே நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் உள்ளே கொண்டுவந்தீர்கள் என்று பயனர்கள் சண்டை பிடித்தார்கள். 2017-இல் மொசில்லா அந்த நிறுவனத்தையே வாங்கியது. 2025 ஜூலையில் சேவையை மூடிவிட்டது. ஃபயர்பக் விஷயத்திலோ நேர்மாறு. நீட்சியாகப் பிறந்து, வலை உருவாக்குபவர்கள் எல்லோருக்கும் இன்றியமையாததாகி, அந்த வேலையை உலாவியின் உள்கருவிகளே ஏற்றுக்கொண்ட பின் 2017-இல் ஓய்வுபெற்றது. வெளியில் இருந்து தேறி உள்ளே வருவது நல்ல வழக்கம். பாக்கெட்டும் நீட்சியாகத்தான் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் இன்றியமையாததாகித் தேறி வரவில்லை.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து யூனிகோடு தமிழ்ப் பக்கம் பார்த்தவர்களுக்கு இது மறந்திருக்காது. பெட்டி பெட்டியாகத் தெரியும். எழுத்துரு இருந்தாலும், ‘கே’ என்று எழுதியிருந்தால் இரட்டைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் தனியாக நிற்கும். இதைச் சரிசெய்ய கன்ட்ரோல் பேனலுக்குள் போய், வட்டார, மொழி அமைப்புகளில் மொழிகளுக்கான பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். உடனே விண்டோஸ் சிடியைப் போடு என்று கேட்கும். ப்ரௌசிங் சென்டர்காரரிடம் சிடி எங்கே இருக்கும்? அமெரிக்கருக்கு இடம் மிச்சமாகட்டும் என்று கழற்றி வைத்த உபரி வசதி, நமக்கு எழுத்தே. விஸ்டாவில்தான் இது இயல்பாகவே உள்ளே வந்தது.

நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறிய மையம், விருப்பத்துக்குரிய மற்றவை. நீங்கள் சொல்லும் அதே நியாயம். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸும் இதே நியாயத்தைத்தான் பின்பற்றியது. 2019 அக்டோபரில் 13-ஆம் பதிப்பு வரும்வரை அதன் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் ஆங்கிலத்துக்கான மொழித்தரவு மட்டுமே இருந்தது. தேதியைத் தமிழில் கொடு என்று நிரலில் எழுதினால் பிழை எதுவும் காட்டாமல் ஆங்கிலத்தில் கொடுக்கும். தரவை நீங்களே தனியாக நிறுவி, அது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சுட்டிக்காட்ட வேண்டும். மடிக்கணினியில் சரியாக வந்த ‘ஜனவரி’ சர்வரில் ஆங்கிலமாக மாறியது ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு இந்த வலி தெரியும். முழுத் தரவையும் சேர்த்ததால் கோப்பு பெரிதானது. உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அதே 2019 அக்டோபரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12-ஆம் பதிப்பு வெளிவந்தது. அதன் முழு உரைத் தேடலில் புதிதாக ஆறு மொழிகளுக்குச் சொல்லின் அடிவடிவைப் பிரிக்கும் வசதி சேர்ந்தது: அரபி, இந்தோனேசியம், ஐரிஷ், லித்துவேனியம், நேபாளி, தமிழ். இன்று எந்த நாட்டில் எந்த வங்கி போஸ்ட்கிரெஸ் நிறுவினாலும், உரைத் தேடல் அமைப்புகளின் பட்டியலைக் கேட்டால் அதில் தமிழ் என்ற வரி இருக்கும். அந்த வங்கிக்கு அது தேவையே இல்லை. இத்தனைக்கும் நீட்சிகளை ஒழுங்காக வெளியில் வைப்பதில் போஸ்ட்கிரெஸுக்கு இணையில்லை. நிலப்படத் தரவைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற பெரும் பணியே இன்றும் அதன் மையத்துக்கு வெளியில்தான் வாழ்கிறது. அப்படிப்பட்டவர்கள் தமிழை ஏன் உள்ளே விட்டார்கள்? எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று எண்ணிப் பார்த்திருந்தால் ஐரிஷும் தமிழும் என்றைக்கும் தேறியிருக்காது. சொல்லின் அடிவடிவைப் பிரிக்க அவர்கள் ஏற்கெனவே எடுத்தாளும் ஸ்னோபால் என்ற தொகுப்பிலிருந்து வரும் கூடுதல் கோப்பு மட்டுமே அது. பேணும் செலவு மிகக் குறைவு, யாருக்கும் ஆபத்தில்லை, கேட்காதவருக்கு அது ஓடுவதுமில்லை.

நான் உங்களிடம் வைக்கும் வாதம் இதுதான். ஒரு வசதி மையத்துக்கு உரியதா என்பதைப் பயனர் எண்ணிக்கையால் தீர்மானிக்காதீர்கள். அந்தத் தராசில் தமிழ் எப்போதும் தோற்கும். தமிழுக்குள்ளேயே கண் தெரியாதவர், கிரந்தம் தட்டுபவர், பழைய தட்டச்சுப் பழக்கக்காரர் எல்லோரும் தோற்பார்கள். கேட்க வேண்டியது வேறு: இதை வெளியிலிருந்து ஒருவரால் சரியாகச் செய்ய முடியுமா? முடியும் என்றால் வெளியில் இருக்கட்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது என்றால், அதைக் கேட்பவர் ஒருவரே ஆனாலும், மையம் அசைந்துதான் ஆக வேண்டும்.

பிழைதிருத்திகளின் வரலாற்றில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. மைஸ்பெல் என்ற பழைய பொறி ஒரு சொல்லுக்கு ஒரு விகுதியைத்தான் கழற்றிப் பார்க்கும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். ஹங்கேரியத்தில் நம்மைப் போலவே விகுதிமேல் விகுதி ஏறும். எவ்வளவு பெரிய ஹங்கேரிய அகராதியை நீட்சியாகச் சேர்த்தாலும் பொறிக்கு அந்தத் திறன் இல்லாமல் பயனில்லை. லாஸ்லோ நெமெத் பொறியையே மாற்றி எழுதினார், அது ஹன்ஸ்பெல். பின்னர் ஓப்பன் ஆபீஸும் ஃபயர்பாக்ஸும் அதையே எடுத்துக்கொண்டன. அகராதி இன்றும் வெளியில் இருக்கும் கோப்புதான். பொறி இரண்டு அடுக்கு விகுதிவரை பிரிக்கும். ‘வராதவர்களுக்காகவும்’ என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லும் சொல்லை அதன் முன் வைத்துப் பாருங்கள், நமக்கு இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று தெரியும். தமிழ்ப் பிழைதிருத்தி எழுதுபவரிடம் “அகராதியில் சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது அந்தப் பாக்கியை அவர் தலையில் கட்டுவது.

விசைப்பலகையிலும் இதே பிரிவினை உண்டு. தமிழ்99-இல் ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் ககரத்துக்குத் தானே புள்ளி விழுந்து ‘க்க’ ஆக வேண்டும். நகரத்தை அடுத்துத் தகரம் தட்டினால் ‘ந்த’. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் தெரிந்த பொறிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சற்றுமுன் தட்டியதைத் திரும்பிப் பார்த்து மாற்றும் திறன் மையத்திலேயே இருக்க வேண்டும். அது இருந்துவிட்டால் மற்றதெல்லாம் லேசு. லினக்ஸில் எம்17என் நூலகத்தைப் பாருங்கள். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு முறை, ஒலியியல் முறை எல்லாமே தனித்தனி உரைக்கோப்புகள். புதிய விசையமைப்பு வேண்டுபவர் ஒரு கோப்பை எழுதினால் போதும்; நிரல் தொகுக்கத் தெரிய வேண்டியதில்லை, உங்கள் அனுமதியும் வேண்டியதில்லை.

இதைச் சொல்லும்போதே அடுத்த பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தட்டச்சுச் செயலிக்குள் தினம் ஒரு குறள், ராகுகாலம், பஞ்சாங்கம், வாழ்த்து அட்டை என்று சேர்த்துக்கொண்டு போவதைத் தமிழ்த்தொண்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவை தனிச் செயலிகளாக நன்றாக வாழும். பயனர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் போய்வரும் பாதையில் தேவையற்ற எதுவும் உட்காரக்கூடாது. விசைப்பலகைச் செயலிக்கு இணைய அனுமதி எதற்கு என்று கேட்கும் பயனர் சந்தேகப்பிராணி அல்ல, விவரமானவர்.

உள்ளே விட்டதைக் கழற்றும் துணிவும் வேண்டும். எல்லாம் உள்ளடங்கிய மொழி என்று பெயரெடுத்த பைத்தான், யாரும் தொடாமல் கிடந்த 19 கூறுகளை 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் நீக்கியது. டெல்நெட், பழைய ஒலிக்கோப்பு வகைகள், சிஜிஐ எல்லாம் போயின. 3.11-லேயே எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் செய்தார்கள். அதே 3.11-இல் டாம்ல் என்ற வகை அமைப்புக் கோப்பைப் படிக்கும் கூறு ஒன்றைப் புதிதாக உள்ளே சேர்த்தார்கள் என்பது சுவையான விஷயம். காரணம் சரிதான்: நீட்சிகளை நிறுவும் கருவிக்கே அது தேவை. நிறுவும் கருவிக்குத் தேவையானதை நிறுவித்தான் பெற வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

மையத்தை அளவுக்கு மீறிச் சின்னதாக வைத்தால் என்ன ஆகும் என்பதை ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் 2016 மார்ச்சில் பார்த்தார்கள். ஒரு சரத்தின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் திரும்ப எடுத்துக்கொண்டதும், அதை நேரடியாகவோ சுற்றிவளைத்தோ நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் நின்றுபோயின. அடுத்த ஆண்டின் மொழித் தரப்பாட்டில் அந்த வேலை மொழிக்குள்ளேயே வந்துவிட்டது.

நண்பர்களே, உங்களுக்கு நேரம் குறைவு என்பது தெரியும். வரும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதச் சொல்லவில்லை. அடுத்த வெளியீட்டுக்கு முன் உங்கள் திட்டத்தின் ரீட்மி கோப்பில் மூன்று பத்தி சேருங்கள். பிளக்-இன் எழுதுபவர் எந்தெந்த இணைமுகத்தை நம்பலாம், அது எந்தப் பதிப்புவரை மாறாது என்று ஒரு பத்தி. எவை இயல்பாக அணைந்திருக்கும் என்று ஒரு பத்தி. வெளியிலிருந்து செய்யவே முடியாதவை என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் குறைகள் எவை என்று ஒரு பத்தி. மூன்றாவதை எழுதும்போது கை தயங்கும், எழுதுங்கள். உதவ வருபவர் முதலில் படிக்கப்போவது அதைத்தான்.

இவை இல்லாத திட்டத்தில், தயவுசெய்து, யாரையும் பிளக்-இன் எழுதிக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே நிரல் பேணும் ஒருவர்